தனியாகச் சாப்பிடுகிறவன்

2023 செப்டம்பரில் பதினாறு நாள் சிங்கப்பூரில் இருந்தேன். ஆபீஸ் வேலை. நான் வேலை பார்க்கும் வங்கியின் அங்குள்ள கிளையில் கணக்குகளைப் பழைய கம்ப்யூட்டர் முறையிலிருந்து புதியதற்கு மாற்றினார்கள். மாறிய தொகைகள் பிசகாமல் வந்து சேர்ந்திருக்கின்றனவா என்று வரி வரியாகப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. இம்மாதிரிக் காரியத்துக்குக் கிளார்க்கை அனுப்பும் வழக்கமில்லை. போக வேண்டிய ஆபீஸருக்கு முதுகுத்தண்டில் கோளாறு. என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. என் தகுதி அவ்வளவுதான்.

பயணக் கட்டுரை எழுத உத்தேசமில்லை. சொல்ல வேண்டியது இன்னும் சின்ன விஷயம். அந்தப் பதினாறு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதில் பெரும்பகுதி சாப்பாட்டால் வந்த சந்தோஷம். இதை எழுதும்போதே ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னோடு வந்தவர் ரிடையராக இரண்டு வருஷம் இருந்த ஒரு சீனியர் ஆபீஸர். நல்ல மனுஷர். பெட்டியில் அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர். அறைக்குள் நுழைந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் பிளக் பாயின்ட் தேடினார். “தம்பி, தினப்படிங்கறது சாப்பிடறதுக்கு இல்லை. ஆபீஸ் நமக்குப் போட்டுக் குடுக்கிற நகைச்சீட்டு அது” என்றார். இது அவருக்கு நான்காவது வெளிநாட்டுப் பயணம். முதல் மூன்றும் மூத்த பெண்ணின் கல்யாணத்தில் வளையல்களாக வெளிப்பட்டன. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. மத்தியதர வர்க்கத்து இந்தியன் உலகத்தைக் குக்கரின் நீராவி வழியாகத்தான் பார்த்திருக்கிறான். அதில் ஒரு வைராக்கியமும் உண்டு. முதல் இரண்டு ராத்திரி நானும் அவரோடு உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவருக்குக் கூட்டம் இருந்தது. நான் மட்டும் ஆபீஸை விட்டு வெளியே வந்து, லாவ் பா சாட் என்கிற பழைய மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். எண்கோணக் கட்டடம். 1894இல் கட்டியது, கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்களைக் கப்பலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எழும்பூர் ஸ்டேஷனுக்குள் நிற்கிற மாதிரி ஓர் உணர்ச்சி. ஆனால் ரயில் வருகிற இடத்தில் மேஜைகள். ஏழு மணிக்குப் பக்கத்துத் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடு ரோட்டிலேயே மேஜை போடுகிறார்கள். கரி அடுப்பில் சாத்தே சுடுகிற புகை பாங்குக் கட்டடங்களின் கண்ணாடி மீது ஏறுகிறது. குறைந்தது பத்துக் குச்சி வாங்க வேண்டும் என்றார்கள். வாங்கினேன். என் எதிரே ஒரு சீனக் கிழவி. பக்கத்தில் டையைச் சட்டைப் பைக்குள் மடித்துச் செருகிக்கொண்ட ஓர் இளைஞன். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மேஜை காலியாக இருந்ததா என்று மட்டும் கண்ணால் கேட்டார்கள், நானும் கண்ணால் சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஹோட்டல் என்பது மூன்று சந்தர்ப்பங்களுக்கு உரியது. பிரயாணம், ஆஸ்பத்திரி, வீட்டில் சாவு விழுந்து அடுப்பு எரியாத நாள். மற்ற வேளையில் ஹோட்டலுக்குள் நுழைகிறவனுக்கு வீடு சரியில்லை என்று அர்த்தம். அப்பா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஹோட்டலைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுவார். வீட்டில் சைவம். நான் கல்லூரி விடுதியில் முட்டையில் தொடங்கியவன். மனைவிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் யார் என்ற கேள்வி நம் ஊரில் லேசானதல்ல. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் நடத்திய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. சொல் போயிற்று. கேள்வி பல வடிவங்களில் தங்கிவிட்டது. “சாருக்கு எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” என்பது அதன் நாகரிகமான வடிவம்.

மறுநாளிலிருந்து நான் குக்கர் பக்கம் போகவில்லை.

காபியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே அதற்குக் கோப்பி என்று பெயர். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கறுக்க வறுக்கிறார்கள்; நீண்ட துணிப் பையில் வடிக்கிறார்கள். வெறுமனே கோப்பி என்றால் டின் பால் விட்டது. கோப்பி ஓ என்றால் பாலில்லை, சர்க்கரை உண்டு. கோசோங் என்றால் சர்க்கரையும் இல்லை. சியூ தாய், சர்க்கரை கம்மி. காவ், டிகாஷன் தூக்கல். ஹொக்கியனும் மலாயும் கலந்த இந்தப் பரிபாஷையை நான்கு நாளில் கற்றுக்கொண்டேன். வேறெந்த மொழியும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் வசப்பட்டதில்லை, பி.ஏ. ஆங்கிலத்துக்கு மூன்று வருஷம் ஆயிற்று, அப்போதும் முழுக்க வரவில்லை. “கோப்பி ஓ கோசோங்” என்று முதல் தடவை தடுமாறாமல் சொன்னபோது, கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கொடுத்தார். கண்டுகொள்ளப்படாததில் இப்படி ஓர் இன்பம் இருக்குமென்று நான் அறிந்ததில்லை.

மயங்கிப் பேசுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. இந்த ஹாக்கர் சென்டர்கள் தாமாக முளைத்தவையல்ல. தெருவில் விற்றவர்களை 1960களின் கடைசியில் பதிவு செய்து, குழாயும் சாக்கடையும் உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுபோய் வைத்தது அரசாங்கம். 1986க்குள் அநேகமாகத் தெருவே காலி. 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியாயிற்று. சாப்பிட்ட தட்டை மேஜையில் விட்டுவிட்டுப் போனால் 2021இலிருந்து அபராதம். இவ்வளவு சட்டத்துக்கு நடுவே சட்டத்தில் இல்லாத ஒரு வழக்கம் இருக்கிறது. காலி மேஜையில் காகித டிஷ்யூ பாக்கெட் ஒன்றை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் உங்களுடையது. இதைப் பார்த்த கணத்தில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு எறிகிற மனுஷர்கள் அத்தனை பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். உரிமை பற்றிய சிந்தனையில் நாம் அவ்வளவு பின்தங்கியிருக்கவில்லை.

சாப்பாட்டுக் கடை ஒன்றில் இந்திய ரோஜாக் விற்கிற ஒருவரிடம் அடிக்கடி போனேன். கடையநல்லூர்க் குடும்பம், அங்கேயே பிறந்தவர். ஆனாலும் “என்ன வேணும்ய்யா” என்பதில் தென்காசி வாடை போகவில்லை. வடை, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, இந்தோனேசியக்காரர்களின் தெம்பே, எல்லாவற்றையும் நறுக்கிச் சிவந்த இனிப்புக் குழம்போடு தருகிறார்கள். தமிழ் முஸ்லிம்களின் கைப்பக்குவம். அவர்கள் போடுகிற மீ கோரெங்கும் அப்படியே: சீன நூடுல்ஸ், மலாய்ப் பெயர், தமிழ்க் கை. கடையநல்லூரில் போய்க் கேட்டால் இரண்டும் கிடைக்காது. ரேஸ் கோர்ஸ் ரோட்டின் மீன்தலைக் கறி இன்னும் விசேஷம். 1949 வாக்கில் கோமஸ் என்ற மலையாளி, சீனர்கள் மீன் தலையை விரும்புவதைப் பார்த்து நம் குழம்பில் அதைப் போட்டார் என்கிறார்கள். கேரளத்துக்கும் சொந்தமில்லை, சீனாவுக்கும் சொந்தமில்லை. சொந்த ஊரில்லாத பதார்த்தம். நான் தனியாகப் போய் அதைக் கேட்டேன். “எத்தனை பேருண்ணே?” என்றான் பரிமாறுகிற பையன். “ஒருத்தர்.” “தலை பெருசாருக்கும்.” “பரவாயில்லை.” கொண்டுவந்து வைத்தான். அவன் கேட்டது வெறும் கணக்கு. முப்பது வெள்ளிக்குப் பக்கம் ஆயிற்று. கன்னத்துச் சதையைப் பிரித்துச் சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் நான் எதையும் யோசிக்கவில்லை, என் விமர்சனக் கட்டுரைகள் உட்பட.

இன்னொரு ராத்திரி ஜூ சியாட் பக்கம் போய், பெரனாக்கான் சமையல் சாப்பிட்டேன். புவா கெலுவாக் என்று ஒரு கறுப்புக் கொட்டை. பச்சையில் விஷம், பல நாள் பக்குவப்படுத்தி ஊறவைத்த பிறகுதான் உள்ளே போகும். அதன் பில்லைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

நம் நவீன உரைநடையில் பசி நிறைய இருக்கிறது. ருசியும் இல்லாமலில்லை, கி. ராஜநாராயணனும் நாஞ்சில் நாடனும் இருக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அது பெரும்பாலும் ஊர் ருசி, அம்மா கை ருசி, இழந்துவிட்டதன் ருசி. அந்நியர் நடுவே உட்கார்ந்து, காசு கொடுத்து, சாப்பிட்டு எழுந்து போகிறவனின் ருசி அபூர்வம். ஏ.கே. செட்டியார் காந்தி படத்துக்காக உலகத்தைச் சுற்றியவர்; அவர் எழுத்தில் ‘நான்’ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது. அசோகமித்திரன் 1973இல் அயோவா போய் வந்து எழுதிய ‘ஒற்றன்’ நான் சொல்வதற்குக் கொஞ்சம் அருகே வருகிறது. அதிலும் சந்தோஷம் ஓரக்கண்ணால்தான் பார்க்கப்படுகிறது. புதுமைப்பித்தன் ஒருவர்தான் சட்டென்று விஷயத்தைப் பிடித்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைக்கு வந்த கடவுளைப் பிள்ளைவாள் முதலில் அழைத்துப் போவது ஹோட்டலுக்கு. காபி வாங்கித் தருகிறார். அங்கே கடவுள் யாருக்கும் யாராகவும் இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழையும்போதுதான் அவர் கைலாசபுரத்துப் பெரியப்பா ஆக வேண்டியிருக்கிறது. இதை நான் பலமுறை படித்தும் பார்க்காதவன். சிக்கரியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன்.

இரண்டாவது ஞாயிறு சிராங்கூன் ரோட்டில் இந்தக் கதையெல்லாம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த கட்டட வேலைக்காரர்களுடையது. 2013 டிசம்பரில் ஒரு தமிழ்த் தொழிலாளி பஸ்ஸில் நசுங்கிச் செத்து, கலவரம் நடந்ததும் இங்கேதான். என் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். “அண்ணே, எந்த ஊரு?” என்றான். பத்து நாளாக யாரும் கேட்காத கேள்வி. தாம்பரம் என்றேன். அவன் அறந்தாங்கிப் பக்கம். வாரத்தில் ஆறு நாளும் மதியத்துக்குக் கான்ட்ராக்ட் பொட்டலம்; விடியற்காலையிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் குழம்பு வாடையடிக்கும் என்றான். ஞாயிறு ஒருநாள்தான் சுடச்சுட.

“உங்களுக்கு எவ்ளோ வெள்ளி ஆச்சுண்ணே இதுக்கு?” என்று என் தட்டைப் பார்த்தான். சொன்னேன். மனதுக்குள் நான் அதை அறுபத்துச் சொச்சத்தால் பெருக்கிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சிரித்தான். “வந்த புதுசுல நாங்களும் பெருக்குவோம்ணே. பெருக்குனா தொண்டைக்குள்ள எறங்காது. இப்பல்லாம் ஞாயித்துக்கிழம மட்டும் பெருக்குறதில்ல.”

இம்மாதிரிப் பையன்கள் அனுப்புகிற பணத்தை வாங்க வருகிற பெண்களைக் கவுன்டரில் நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்து மாறியிருக்கிறது, ஆதார் நகல் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை. பாங்கில் வேலை என்றுகூடச் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் கேட்காத இன்பத்தைப் பற்றிப் பத்து நாளாக நான் மனதுக்குள் எழுதிவைத்திருந்த வாக்கியங்கள் தினப்படி உள்ளவனின் வாக்கியங்கள்தானோ என்று தோன்றிற்று. அவன் சுடுசோற்றோடு கூடவே தேடுவது, ஊர் எது என்று கேட்கிற ஒருவனைத்தான். ஆனாலும் அவன் எழுந்து போன பிறகு, மீதியிருந்ததை நான் ருசித்துத்தான் சாப்பிட்டேன். இதை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்.

திரும்பி வரும்போது கையில் நாற்பது வெள்ளியும் சில்லறையும். சீனியர் ஒரு செயின் வாங்கியிருந்தார்.

சேலையூர் ஃபிளாட்டுக்காக மாமனாரிடம் வாங்கிய கைமாற்று ஒன்று பாக்கி. அதில் ஒரு பகுதியை இந்தத் தினப்படியில் அடைத்துவிடலாம் என்று மனைவி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். போகும் முன் என்னிடம் சொல்லவும் செய்தாள், நான் தலையாட்டியுமிருந்தேன். “என்னங்க, எவ்வளவு மிச்சம்?” என்று அவள் கேட்டது பெட்டியைத் திறந்த பிறகு, சாக்லேட்டுகளைக் குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுத்த பிறகு. பாதித் தினப்படிதான் கொடுத்தார்கள் என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு போனாள். குடித்திருந்தால், சூதாடியிருந்தால்கூட நம் மொழியில் அதற்கு வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து மீன் தலை சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்பதை எந்தத் தொனியில் சொல்வது? அவள் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை. ஆனால் சீனியர் குரோம்பேட்டைக்காரர். அவர் மனைவியும் என் மனைவியும் ஏதாவதொரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரும் நாள் வரத்தான் போகிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பீச்சிலிருந்து வந்த ரயில் தாம்பரத்தில் நின்றதும், வீட்டுக்குப் போகிற பக்கம் இறங்காமல் மேற்குப் பக்கம் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஹோட்டலுக்குள் போனேன். பசி என்று இல்லை. வீட்டில் சமையலாகியிருக்கும் என்றும் தெரியும். நெய் ரோஸ்டும் காபியும் சொன்னேன். டிகாஷன் தூக்கலாக, சர்க்கரை கம்மியாக. ரோஸ்டின் ஒரு முனையை ஒடித்து வாயில் வைக்கும்போது எங்கள் தெருக்காரர் ஒருவர் கை கழுவிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “என்ன சார், வீட்ல ஊருக்குப் போயிருக்காங்களா?”

“ஆமாம் சார். நாளைக்கு வந்துடுவாங்க” என்றேன்.