நீல நோட்டு, சிவப்பு நோட்டு

பி.காம். படித்தவனைப் பார்த்ததும் ஊரில் எல்லோருக்கும் எழுதாமல் விட்ட ஒரு கணக்கு ஞாபகத்துக்கு வந்துவிடும். 2016-ல் மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி போர்ஷனுக்குக் குடிபோனேன். மறுநாளே வீட்டுக்காரர் கூப்பிட்டனுப்பினார். அட்வான்ஸ் பாக்கிக்குத்தான் என்று பயந்துகொண்டே இறங்கினால், ஷெட்டில் வாயைப் பிளந்து நின்ற ஒரு காருக்குப் பின்னாலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"தம்பி, டெப்ரிஸியேஷன் போடத் தெரியுமா?"

"தெரியும் ஸார்."

"இது அறுபத்தாறு மாடல். இன்னிக்கு என்ன மதிப்பு, சொல்லு பாப்போம்."

பத்தாயிரம் ரூபாய் கார் என்று வைத்துக்கொண்டு, வருஷத்துக்குப் பதினைந்து சதவிகிதம் தேய்மானம், ஐம்பது வருஷம்... செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ரூபாய் தொண்ணூத்தாறு பைசா ஸார்" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கையில் ஸ்பேனரோடு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே என்னைத் தன் கணக்குப் பிள்ளையாக நியமித்துவிட்டார். சம்பளம், ஞாயிற்றுக்கிழமை டிபன்.

கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாஸடர், ஃபியட், ஹெரால்டு என்று கார் வாங்குகிறவருக்குக் கிட்டத்தட்ட மூன்றே சாய்ஸ் இருந்த காலத்தில், நம்ம சென்னையில் தயாரான வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டாகப் பிறந்தது. அழகு, இத்தாலிக்காரர் மிச்செலாட்டியின் கைவண்ணம். 1961-லிருந்து இங்கே ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்தது. எஞ்சின் 948 சி.சி.தான். ஆனால் பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் முன்பாதி மொத்தமும் முன்பக்கமாகச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினோடு பேசலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் தெருவில் ஆட்டோக்காரர்களே ரிவர்ஸ் எடுத்துத் திணறும் இடத்தில் ஸார் ஒரே ஒடிப்பில் திருப்பிவிட்டு, பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்.

குறையும் உண்டு. உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். ரப்பர் இற்றுப்போனால் மழை உள்ளே வரும். காருக்குள் குடை பிடித்துப் போன ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையரானவர். பழைய கார் க்ளப்பில் மெம்பர். மாதக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் நாற்காலி போடுவார், கடைசி ஆளாக மடித்துவைப்பார். நடுவில் மேடை, மைக் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். யாருடைய வண்டியாவது இருமினால், அதன் அடியில் இவர் செருப்பு தெரியும். ஒருமுறை புதுப்பேட்டையில் மூன்று மாதம் அலைந்து வாங்கிய கதவுக் கைப்பிடியை, இன்னொரு ஹெரால்டுக்காரர் ஆசையாகத் தடவிப் பார்த்தார் என்பதற்காகக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஒரு வருஷம் இவர் வண்டியின் இடதுபக்கக் கதவைக் கயிறு கட்டித்தான் திறந்தோம்.

விஷயம் என்னவென்றால், இதற்கெல்லாம் கணக்கு எழுதியவன் நான். இரண்டு நோட்டு. நீல நோட்டில் நிஜம். சிவப்பு நோட்டு, அம்மா கேட்டால் காட்டுவதற்கு. கார்புரேட்டர் வேலை நீலத்தில் 4,200, சிவப்பில் 800. ஆடிட்டர் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டவன், ஓர் இட்லித் தட்டுக்காக இந்தப் பாவத்தைச் செய்துகொண்டிருந்தேன்.

2020-ல் கொரோனா வந்தது. நான் கணக்கு பார்த்த கம்பெனி, முதலில் என்னைத்தான் கணக்கிலிருந்து கழித்தது. வாடகை கேட்காதது ஸாரின் பெருந்தன்மை. மூன்றாவது மாதம் ஷெட்டுக்குக் கூப்பிட்டு, "பெங்களூர் மெம்பர் ஒருத்தர் நம்ம க்ளப்போட பழைய மினிட்ஸ் எல்லாத்தையும் டைப் அடிக்கணும்கிறார். மாசம் ரெண்டாயிரம். ஒவ்வொரு வண்டியைப் பத்தியும் ரெண்டு பக்கம் எழுதணும். கணக்கு மாதிரி எழுதாதே, படிக்கிற மாதிரி எழுது" என்றார். பதினான்கு மாதம் எழுதினேன். பத்திரிகைகளுக்கு நான் எழுத ஆரம்பித்ததே அந்தக் கைப்பழக்கத்தில்தான்.

2024 டிசம்பரில், ஒரு சனிக்கிழமை ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் க்ளப்காரர்கள் பத்துப் பன்னிரண்டு வண்டிகளில் வந்தார்கள். ஒருவர் மட்டும், கழற்றிய கதவுக் கைப்பிடியைக் கர்சீப்பில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அம்மா கூப்பிட்டார்.

"கார்ல மொத்தம் எவ்ளோப்பா போட்டார்?"

பழக்க தோஷம், சிவப்பு நோட்டை எடுத்துப் போனேன். அம்மா அதைத் தொடவில்லை. "அது என்னை ஏமாத்தறதுக்கு. நீலத்தை எடுத்துட்டு வா" என்றார்.

காலடியில் பூமி நழுவியது. நீல நோட்டின் கூட்டல் 3,12,400. அம்மா உள்ளே போய், பால் கணக்கு எழுதும் ஒரு காலண்டர் டைரியோடு வந்தார். சனிக்கிழமை ராத்திரியே சட்டைப் பையிலிருந்த கடைச் சீட்டையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுவாராம்! அவர் கூட்டல் 3,40,400.

இருபத்தெட்டாயிரம் இடிக்கிறது. கூட்டலை மறுபடி போட்டேன். வரிவரியாக டிக் அடித்தேன். 2020 ஜூன் பக்கத்தில் பென்சிலில் இருந்தது: 'மாடிப் பையன் – 2,000.' ஜூலையில் ஒன்று. ஆகஸ்டில் ஒன்று. பதினான்கு.

"பெங்களூர் மெம்பர்..." என்றேன்.

"பெங்களூராவது, மெம்பராவது! நகைச் சீட்டுப் பணத்திலிருந்து நான்தான் குடுத்தேன். காருக்குன்னு கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டேன். ஆனா கார் கணக்குலதான் எழுதிவெச்சேன். எல்லாம் அந்தச் செலவோட சேர்ந்ததுதானே?"

நான் ஷெட் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே பேச்சை மாற்றினார். "க்ளப்லேர்ந்து ஒருத்தர் வண்டியை விலைக்குக் கேக்கறார். கணக்குப்படி என்னப்பா சொல்லலாம்?"

செல்போனை எடுத்து மறுபடி தட்டினேன். 2025, ஐம்பத்தொன்பது வருஷம். "கணக்குப்படின்னா... அறுபத்தொன்பது பைசாம்மா."

"அவ்ளோதானா?" என்று யோசித்தார். "அப்போ நானே வெச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமை வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாரு, பேட்டரி இறங்கிடும்பார். டிபன் இங்கேயே சாப்பிட்டுடு."