மணற்காட்டில் நத்தார் வாரம்

பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணி நோக்கிச் செல்லும் வீதியில் வல்லிபுரத்தைக் கடந்து குடத்தனையை அடைந்தோமாயின், அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி ஒரு சிறுவீதி பிரியக் காணலாம். அவ்வழியே செல்லச் செல்லச் சவுக்கு மரங்கள் நெருங்குகின்றன. வெண்மணல் மேடுகள் சிறு குன்றுகள் போல எழுந்து நிற்கின்றன. காற்று ஒரு மேட்டைக் கரைத்து மற்றொரு மேட்டை எழுப்பும் இந்நிலத்திலே, மணலிற் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. விடுமுறை நாட்களில் வரும் இளைஞர் அச்சுவர்களின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அப்பால் உள்ள ஊருக்குள் நுழைந்து பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வூரே மணற்காடு. கடற்றொழிலாளரான கத்தோலிக்க மக்கள் வாழும் ஊர்.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவனின் அம்மம்மா இவ்வூரில் வாழ்கிறார். ஊரார் அனைவருக்கும் அவர் ஆச்சி, எமக்கும் அவ்வாறே. சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையில், நத்தாருக்கு முந்திய வாரத்தில், அம்மாணவனின் அழைப்பை ஏற்று அவ்வீட்டுக்கு மூன்று முறை சென்றிருந்தோம். ஆச்சியும், இளைய மகளும், கடலுக்குச் செல்லும் மருமகனும், இரு பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கின்றனர். மகன் ஒருவர் கனடாவில்.

நத்தார் என்னும் சொல்லைப் பற்றி மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். தமிழகத்தார் கிறிஸ்துமஸ் என்று சொல்ல, ஈழத்தவராகிய நாம் நத்தார் என்கிறோம். பிறப்பு என்று பொருள்படும் ‘நத்தால்’ என்ற போர்த்துக்கேயச் சொல்லே நம் நாவில் இவ்வாறு ஆயிற்று. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். நாற்பது ஆண்டுகளும் நிறையாத அவ்வாட்சியின் சொற்கள் பாணிலும், குசினியிலும், போறணையிலும், திண்ணையிற் போட்டிருக்கும் வாங்கிலும் இன்றுவரை வாழ்கின்றன. ஒல்லாந்தரோ கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687 இல் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் நடமாடி, இரவு வேளைகளில் வீடுகளிலேயே பூசை செய்தார் என்பது வரலாறு. அவருக்கு 2015 இல் கொழும்பிலே புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. கோயிலில்லாத அக்காலத்தில் வீடே கோயிலாய் இருந்தமையாற் போலும், இம்மக்களின் நத்தார் இன்றும் வீட்டின் உள்ளேதான் தொடங்குகிறது.

நிற்க. இத்திருநாள் இக்கரையில் எந்தக் காலத்தில் வருகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும்; கரைவலையும் படகுமாக ஊர் உழைக்கும். ஐப்பசி கழிந்து வாடை எழுந்ததும் கடல் கொந்தளிக்கின்றது. படகுகள் மேட்டுக்கு இழுத்தேற்றப்படுகின்றன. மழையோ விடுவதில்லை. நாம் முதன்முறை சென்ற அன்று மருமகன் தாழ்வாரத்தில் அமர்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பத்து நாட்களாகக் கடலுக்குப் போகவில்லை என்றார். ஆண்டின் மிக வறிய மாதத்திலே ஆண்டின் மிகப் பெரிய செலவு வந்து நிற்கிறது.

“சோளகத்திலை வந்த காசு வாடைக்கு நிக்கவேணும், மாஸ்ரர். நத்தார் வாடைக்குள்ளை தானே வருது,” என்றார் ஆச்சி.

கடற்றொழிலாளர் அன்றாடம் கிடைப்பதை அன்றே செலவிட்டுவிடுவர், நாளைக்கென்று வைக்கமாட்டார் என்றொரு பேச்சு வயல் செய்வோரிடத்தும் உத்தியோகம் பார்ப்போரிடத்தும் உண்டு. படித்தவர் வாயிலும் அதனைக் கேட்டிருக்கிறோம். அவ்வாறு பேசுவோர் ஆச்சியின் அலுமாரியின் கீழ்த்தட்டைப் பார்க்க வேண்டும். வைகாசி தொடக்கம் காய்ந்த கருவாட்டை விற்ற பணத்தில் ஒரு பங்கு பழைய பால்மாப் பேணியொன்றில் விழுகிறது. கோழி முட்டை விற்ற பணம் வேறொரு பேணியில். புரட்டாசியிற் பயறும் உழுந்தும் வாங்கி வெயிலில் உலர்த்தி வைக்கப்படுகின்றன. பெண்கள் பதின்மர் கூடி நடத்தும் சீட்டில் கார்த்திகை மாதத்துக் கழிவை ஆச்சிக்கே விடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. கனடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம் இக்கணக்கிற் சேர்வதில்லை. அது பேரனின் படிப்புக்கு என்று வங்கியில் இருக்கிறது. “கடன்பட்டு நத்தார் கொண்டாடினால் தைமாசம் முழுக்கப் பாலனுக்கு முன்னாலை நிக்க வெக்கமாயிருக்கும்,” என்று சொல்லிச் சிரித்தார். எம் வகுப்பிற் பொருளியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வரவுசெலவுத் திட்டம் என்னும் பாடத்தை இவரைக்கொண்டு நடத்துவித்தால் நலமாக இருக்கும்.

குடில் வேலை பேரப்பிள்ளைகளுடையது. டிசம்பர் 14 ஆம் திகதியளவில் ஆறு சிரட்டைகளில் ஈரமண் நிரப்பி நெல் விதைத்துவிடுகின்றனர். பத்து நாளில் அரைச்சாண் உயரம் பசுமையாக எழுந்துவிடும். குடிலின் முன் அவற்றை வரிசையாக அடுக்கினால் அதுவே வயல். நம் ஆலயத் திருவிழாக்களிலும் மணவறையிலும் வைக்கும் முளைப்பாலிகையை நினைந்துகொண்டோம். பனையோலையால் வேய்ந்த கூரை, வைக்கோல், கடற்கரையிற் பொறுக்கிய சிப்பிகள், இவையே பெத்லகேம். மரத்துக்குச் சவுக்குக் கொப்பு. காட்டில் வெட்டுதல் கூடாதாகையால் காற்றில் முறிந்து வீழ்ந்ததையே தேடி எடுத்து வருகின்றனர். பட்டணத்துக் கடைகளில் விற்கும் பிளாஸ்ரிக் மரம் இதனருகே நிற்கத் தகுதியற்றது என்பது எமது துணிபு. தீவனத் தொட்டி மாத்திரம் வெறுமையாக இருக்கும். நடுச்சாமப் பூசை முடிந்து வந்தபின்னரே பாலனின் சொரூபத்தை ஆச்சி அதில் வைப்பார்.

இரண்டாம் முறை சென்றது 21 ஆம் திகதி. அன்று குசினிக்கு நாள். மழைக்கு மறைப்பாகத் தறப்பாள் கட்டி, முற்றத்தின் ஓரத்தில் மூன்று கல் அடுப்புகள் மூட்டியிருந்தனர். அயற்பெண்கள் நால்வர் வந்திருந்தார்கள்; இன்று இங்கே, நாளை அவர்கள் வீட்டில், ஆச்சியும் மகளும் அங்கே செல்வர். பயற்றம் பணியாரத்துக்குப் பயற்றை வறுத்துத் திரித்த மா, வறுத்த அரிசிமா, பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம், ஏலம், காய்ச்சிய சர்க்கரைப் பாகு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து உருண்டையாகப் பிடிக்கின்றனர். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சிறிது மஞ்சளும் கலந்த கரைசலில் தோய்த்து எண்ணெயில் விடுகின்றனர். பாகின் பதம் தப்பினால் உருண்டை கல்லாகும், அல்லது எண்ணெயில் அவிழ்ந்துபோகும். அப்பதத்தைப் பார்க்கும் உரிமை ஆச்சி ஒருவருக்கே. கரண்டியைத் தூக்கி நூல் விழுவதைப் பார்த்து, “இறக்கு” என்பார், உடனே இறக்கவேண்டும்.

சீனி அரியதரத்துக்கு ஊறவைத்த பச்சையரிசியை இடித்துச் சீனியோடு குழைத்து முதல்நாள் இரவே மூடி வைத்திருந்தார்கள். ஆலையில் அரைத்த மாவில் அரியதரம் சரிவராது என்பது ஆச்சியின் முடிந்த முடிபு. ஆகையால் உரலும் உலக்கையும் அவ்வீட்டில் ஓய்வுபெறவில்லை. முறுக்குக்கு அவித்த கோதுமை மாவும் உழுத்தம் மாவும் எள்ளும். கேக் என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த விருந்தாளி. ரவையும் முட்டையும் பிளம்சும் கஜுவும் சேர்த்து அடித்துப் பருத்தித்துறையில் உள்ள பேக்கரிக்குக் கொண்டுபோய்ப் போறணையில் வைத்து எடுத்து வருவர். முன்னாளில் ஆச்சியே சட்டியில் மணலிட்டு, மேலும் கீழும் தணல் போட்டு அதனைச் சுட்டாராம். அடி கருகிய அந்தக் கேக்கைப் பிள்ளைகள் இன்றும் கேட்கின்றனராம்!

சுட்டவற்றை எவரும் உண்ணலாகாது. முதற் பங்கு பாலனுக்கு. தட்டு நிறைய எடுத்துக் குடிலின் அருகே வைத்தபின்னரே பிள்ளைகளுக்கு உடைந்த பணியாரங்கள் கிடைத்தன. உடைந்தவை அன்று சற்று மிகுதியாகவே இருந்தன. அதில் ஆச்சியின் கைவேலையும் உண்டென்று எமக்குத் தோன்றியது.

அடுப்பருகே இருந்துகொண்டே ஆச்சி பழங்கதை சொன்னார். 1990 இல் வந்த பொருளாதாரத் தடையின்பின், மண்ணெண்ணெயும் மெழுகுதிரியும் அரிய பொருளான ஆண்டுகளில், ஜாம் போத்தலினுள் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கே குடிலின் விளக்கு. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெருந்திரளானோர் வந்தனர். ஆச்சியின் வீட்டில் மூன்று குடும்பங்கள். அவற்றுள் ஒன்று சைவக் குடும்பம். அவ்வீட்டம்மா பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடிக்கிறவர். 21 நாளும் ஒருபொழுது உண்பவர். அவ்வாண்டு விரத நாட்களின் நடுவே நத்தார் வந்தது. மீன் புழங்கும் வீட்டில் விரதத்தை எப்படிக் காப்பது என்று அவர் கலங்க, ஆச்சி புதுப்பானை இரண்டு வாங்கி, கிணற்றடியில் வேறாக ஓர் அடுப்பு மூட்டிக்கொடுத்தார். “நாங்களும் ஒருசந்தி இருக்கிற ஆக்கள்தானே. பெயரிலை என்ன வித்தியாசம்?” என்றார் எம்மிடம். அந்த நத்தாருக்கு அவ்வீட்டில் முட்டையும் மீனும் புழங்கவில்லை. அனைவரும் சுத்தபோசனமே உண்டனர். அக்குடும்பம் ஊர் திரும்பிய பின்னும் தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வந்துகொண்டிருந்ததாம்.

அதன்பின் 2004. இதனை ஆச்சி தாமாகச் சொல்லவில்லை, மகள்தான் சொன்னார். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கென்று மூத்த மகள் தன் சிறு பெண்பிள்ளையோடு வந்து தங்கியிருந்தாள். காலையில் ஆச்சி குடத்தனையில் உள்ள தோழி வீட்டுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டு சென்றிருந்தார். சுமாத்திராவின் கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தின் அலை அவ்வேளையில் இக்கரையை அடைந்தது. ஆச்சி திரும்பியபோது வீடு இல்லை. மகளையும் பேத்தியையும் மறுநாளே கண்டெடுத்தனர்.

மூன்று ஆண்டுகள் அவ்வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. குடில் கட்டவில்லை; பூசைக்கு மட்டும் சென்று வந்தார்கள். 2008 இல் எம் மாணவன் பிறந்தான். அவனுக்கு முதல் நத்தார் வந்தபோது, ஒருவரும் கேளாமலே, ஆச்சி பயறு வறுக்கத் தொடங்கினாராம். கடலுக்கு அப்பால் சற்று உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட இப்போதைய வீட்டிலே முதன்முதல் எழுந்த பலகார வாசனை அதுவே. அயலவர் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றனர் என்று மகள் சொன்னார்.

அவ்வாண்டு முதல் ஒரு மாற்றம். பலகாரத் தட்டுகள் யாவும் 24 ஆம் திகதி மாலைக்குள் உரிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 26 ஆம் திகதி அவ்வீட்டார் எவரும் ஊரைவிட்டு எங்கும் செல்வதில்லை.

நாம் மூன்றாம் முறை சென்றது அந்த 24 ஆம் திகதி. வாங்கின்மேல் பதினொரு தட்டுகள் வெள்ளைத் துணியால் மூடப்பட்டிருந்தன. சைவ வீடுகளுக்குரிய ஐந்தில் கேக் இல்லை. முட்டை சேர்ந்தது என்பதற்காக. அவற்றிற் பணியாரம் இரண்டு கூடுதலாக இருந்தது. எமக்கும் ஒரு தட்டு. திருவெம்பாவைக் காலத்தில் எம் வீட்டில் முட்டை உண்பதில்லை என்பதை எவரிடம் கேட்டறிந்தாரோ! மருமகன் சைக்கிளிலும் பேரன் நடந்தும் தட்டுகளைக் கொண்டு சென்றனர். மழை சற்று விட்டிருந்தது. கோயிலில் பிள்ளைகள் பாடிப் பழகும் ஓசை கேட்டது.

ஆச்சி அலுமாரியைத் திறந்து பேரப்பிள்ளைகளின் புது உடுப்பை எடுத்து வெளியே வைத்தார். அதன் கீழே ஒரு கட்டு மெழுகுதிரி இருந்தது, அதனை எடுக்கவில்லை. அது 26 ஆம் திகதிக்கு. அன்று காலை சேமக்காலையிற் செபம் நடைபெறும். குடிலின் முன் இருக்கும் சிரட்டைகளில் இரண்டை, நெற்பயிர் வாடாத இரண்டைப் பார்த்து எடுத்து, ஆச்சி தம் கையாலே அங்கு கொண்டுபோய் வைப்பாராம். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இம்முறை எவை என்று பேரன் கேட்டான். ஆச்சி குனிந்து ஆறையும் பார்த்து, சிறியதை முதலிலே தெரிந்துகொண்டார்.