விருந்தாளிகளின் பெயர்கள்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பேருந்து பாலாற்றைத் தாண்டினால் கர்நாடகம். 1956 வரை அந்த மலையும் கொள்ளேகாலும் கோயம்புத்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தன. மொழிவழி பிரித்தபோது மைசூரோடு சேர்ந்தன. அதனால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அக்கரையில் பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு இருக்கும்.

பாலாறு வந்து சேரும் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர். 1934இல் அணை திறந்தபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். மைசூருக்குப் போனால் லான்ஸ்டவுன் கட்டடம். லான்ஸ்டவுன் என்ற வைஸ்ராய் வந்துபோன நினைவுக்காக 1892இல் கட்டினார்கள். அதன் கீழ்வரிசைப் பழைய புத்தகக் கடையில்தான் அப்பா எனக்கு முதல் அட்லஸ் வாங்கித் தந்தார். அட்டை கிழிந்திருந்தது, உள்ளே பாதி உலகம் பிரிட்டிஷ் பேரரசின் சிவப்பு. 2012இல் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து உயிர்கள் போயின.

அட்லஸில் பார்த்த அந்தச் சிவப்பு என்றதும் 1922 நினைவுக்கு வருகிறது. அந்த ஜனவரி 13ஆம் தேதி வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் சென்னைக்கு வந்தார். ஒத்துழையாமைக் காலம், கடையடைப்பு, கலவரம், மவுண்ட் ரோட்டில் வெலிங்டன் திரையரங்கு மீது தாக்குதல். அதே மாதம் மைசூரில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ராஜ வரவேற்பு. காட்டில் கெட்டா, அதாவது யானைக் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் வேட்டை. 1906இல் எட்வர்டின் தகப்பனார், பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ், வந்தபோதும் கெட்டாதான் பெரிய விருந்து.

இளவரசர் மேடையிலிருந்து பார்த்தார். தப்பட்டையும் தீவட்டியுமாக உயிரைப் பணயம் வைத்து யானைகளை ஓட்டிவந்தவர்கள் தேன் குறும்பர் போன்ற காட்டுவாசிகள். தசராவுக்கு யானைகளோடு வரும் பாகன் குடும்பங்களில் பல அவர்கள் வழிவந்தவையே. ஒரு தசராவின்போது மைசூர் அரண்மனை வளாகத்தில் ஒரு பாகன் நெல்லையும் வெல்லத்தையும் தேங்காயையும் வைக்கோலில் பொதிந்து முடிச்சிட்டு யானையின் வாய்க்குள் கைவிட்டு ஊட்டினார். பக்கத்தில் நின்ற சித்தப்பா கேட்டார்: "வந்து பார்த்தவன் பேரெல்லாம் கல்லுல இருக்கு. ஓட்டிக்கிட்டு வந்தவன் பேரு எங்கடா இருக்கு?"

மேட்டூருக்கும் அதே கேள்விதான். தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். அந்த ஊர்களை விட்டு எழுந்து போனவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை.

மைசூர் தன் பழைய கட்டடங்களைப் பாரம்பரியம் என்று கொண்டாடுவது நியாயமே. அவற்றை இடிக்காமல் காக்க வேண்டும். ஸ்டான்லி, லான்ஸ்டவுன் பெயர்களையும் அழிக்க வேண்டியதில்லை. ஆனால் யானை ஓட்டியவர், கல் சுமந்தவர், நிலம் இழந்தவர் யார் என்று ஒவ்வொரு வாசலிலும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிவைக்க வேண்டும். விருந்தாளிக்குக் கொடுத்த மரியாதையில் பாதியாவது விருந்து வைத்தவர்களுக்குச் சேரட்டும்.