ஆலா விழும் நேரம்

"பறவை படமெடுக்கிறதெல்லாம் காசுக்காரரின் விளையாட்டு, எங்களுக்கு எங்கே நேரம்?" என்று எம்மவர்கள் சொல்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். கணவனும் மனைவியும் மாறிமாறி ஷிப்ட் வேலைக்கு ஓடும் வீட்டில் அது நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு முழுக் காலைப்பொழுதைக் கழிக்க இதைவிட மலிவான வழியை நாங்கள் இங்கு காணவில்லை. நாங்கள் மூன்று குடும்பங்கள். சீட்டுக் கட்டுவதுபோல் மாதாமாதம் காசு போட்டு, ஒருவர் பாவித்த கமராவையும் 400 மில்லிமீற்றர் வரை இழுபடும் பழைய லென்ஸ் ஒன்றையும் வாங்கினோம். கிழமைக்கு ஒரு வீடு என்று முறைவைத்து எடுத்துக்கொள்கிறோம்.

போகும் இடம் லெஸ்லி வீதியின் தென்கோடி. அங்கிருந்து ஒன்ராறியோ வாவிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு நிலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. டொமி தொம்ஸன் பூங்கா என்பது அதன் பெயர். அவர் இந்நகரப் பெரும்பாகத்தின் முதலாவது பூங்கா ஆணையாளர். புல்லில் நடக்காதீர் என்று எழுதும் வழக்கத்துக்கு மாறாக, தயவுசெய்து புல்லில் நடவுங்கள் என்று பலகை வைத்த மனிதர். (எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே போதும்.) நிலம் இயற்கையானதல்ல. 1950களின் கடைசியில் துறைமுகத்துக்கான அலைதடுப்பாகத் தொடங்கி, நகரத்தில் இடித்த கட்டடங்களின் செங்கல்லையும் கொங்கிறீற்றையும் வண்டிவண்டியாகக் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கியது. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. பறவைகள் வந்தன. 1990இல் விரல்விட்டு எண்ணக்கூடிய நீர்க்காகக் கூடுகளே இருந்த இடத்தில் பின்னர் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கூடுகள் எண்ணப்பட்டன. கரையோரம் நடந்தால் அலை தேய்த்து உருண்டையாக்கிய செங்கற்களும், துருப்பிடித்த கம்பிகளும் இன்றும் காலில் படும். வாகனங்களுக்கும் நாய்களுக்கும் உள்ளே அனுமதியில்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை.

நீர்க்காகத்தைப் படமெடுப்பது பெரிய காரியமல்ல. சிறகை விரித்துக் காயவிட்டுக்கொண்டு நெடுநேரம் நிற்கும். எங்களைப் பாடாய்ப்படுத்தியது ஆலா. கரிய தொப்பி போட்ட தலை, செந்நிற அலகு, கத்திரிபோலப் பிளந்த வால். மே மாதமளவில் தென்னமெரிக்கப் பக்கமிருந்து வரும். அவை கூடு வைப்பதற்கென்றே பூங்காவினர் சரளைக்கல் பரப்பிய மிதவைகளைத் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள். மீன்பிடிக்கும்போது ஆலா ஒரு கணம் வானத்தில் நின்று, தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து, மறுகணம் மீனோடு மேலே போய்விடும். விழுவதைக் கண்டபின் விரலை அமர்த்தினால் படத்தில் தண்ணீர் வட்டம் மட்டுந்தான் இருக்கும். முதற்கோடை முழுவதும் எங்கள் பிள்ளைகள் சேர்த்தது தண்ணீர் வட்டங்களே.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது கமரா அல்ல, ஆச்சி. எங்களில் ஒருவரின் தாயார். மயிலிட்டியில் கடற்கரையோடு வாழ்ந்தவர், 1990இல் ஊரே கிளம்பியபோது கிளம்பியவர். இங்கு பதினான்காம் மாடியில் யன்னலோரம் இருந்தே பொழுதுபோக்கினார். பேரனுக்குத் தமிழ் அரைகுறை, ஆச்சிக்கு ஆங்கிலம் இல்லை. "சாப்பிட்டியா?" என்பதோடு இருவரின் பேச்சும் முடிந்துவிடும். அன்று மடக்குக் கதிரையோடு, இருந்து இருந்து நடத்திக்கொண்டு வந்தோம். ஆலாவைக் கண்டதும், "இது எங்கட ஆலாவெல்லோ!" என்றார். கதை பொய்யல்ல, இதே இனம் இலங்கைக் கரைகளுக்கும் வருவதுதான். பேரன் கமராவோடு தடுமாறுவதைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பறக்கிறதைப் பாராதை பிள்ளை. கழுத்தைப் பார். மீனைக் காணாமல் அது நில்லாது. கழுத்து கீழ வளைஞ்சால் விழப்போகுது."

அதன்பின் ஆச்சி கதிரையில் இருந்து "பொறு, பொறு... இப்ப!" என்பார், பேரன் அமர்த்துவான். ஆலாக்கூட்டம் விழும் இடத்தில் மீன்சாளை இருக்கும் என்று ஊரில் வள்ளத்தைத் திருப்புவார்களாம். சாளை என்றால் என்ன, வள்ளம் என்றால் என்ன என்று அவன் கேட்க, ஒரு காலைப்பொழுது அதிலேயே போனது.

ஆச்சி சொன்ன இன்னொன்று காற்றைப்பற்றியது. அந்தரத்தில் நிற்கும் ஆலா காற்று வரும் திசையையே முகம் பார்க்கும். எழும்புவதும் இறங்குவதும்கூடப் பெரும்பாலும் காற்றுக்கு எதிராகத்தான். ஆகவே காற்றும் வெயிலும் எங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் பறவை எங்களைப் பார்த்தபடி, வெளிச்சத்தில் நிற்கும். காலையில் கீழ்க்காற்று வீசும் நாள் நல்ல நாள். மேல்காற்று நாளில் காலையில் போனால் வாலைத்தான் படமெடுத்துக்கொண்டு வரவேண்டும். அந்த நாட்களில் நாங்கள் பின்னேரம் போகிறோம்.

கமராவில் செய்யவேண்டியது அதிகமில்லை. ஷட்டரை ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள். கொஞ்சம் பொரிந்த படம் பரவாயில்லை, கலங்கிய படத்தை ஒன்றும் செய்யமுடியாது. ஃபோகஸை ஓடும் பொருளைத் தொடரும் முறையில் விட்டு, பறவை தூரத்தில் வரும்போதே பின்தொடரத் தொடங்குங்கள். ஆலா வெள்ளை, பின்னால் தண்ணீர் இருட்டு. கமரா இருட்டைக் கண்டு ஏமாந்து பறவையைச் சுண்ணாம்பாக வெளுக்கவைத்துவிடும். ஒரு படி குறைத்து வைத்தால் இறகின் சாம்பல்நிறம் தெரியும். இப்போது பறவையின் கண்ணைத் தானே தேடிப்பிடிக்கும் கமராக்களும் வந்திருக்கின்றன. நல்லவைதான். ஆனால் அவற்றுக்கும் எப்போது அமர்த்துவது என்று யாராவது சொல்லவேண்டும்.

சோதனைச்சாவடிகளுக்கிடையில் வாழ்ந்துவிட்டு வந்த எங்களுக்குக் குழல்போன்ற ஒன்றை நீட்டிக்கொண்டு பொதுவிடத்தில் நிற்பது முதலில் நெஞ்சை இடித்தது. இங்கு அதை யாரும் தவறாகப் பார்ப்பதில்லை. வீடுகளின் பக்கம் திருப்பாதிருந்தால் சரி.

தவறாகப் பார்க்கவேண்டியது வேறொன்று. ஒருமுறை பெரிய லென்ஸ் வைத்திருந்த ஒருவர் அறிவித்தல் பலகையைத் தாண்டி, தரையில் கூடு வைத்திருந்த கடற்காகங்களுக்குள் நடந்துபோனார். நூற்றுக்கணக்கில் எழும்பி அவருக்கு நல்ல படம் கிடைத்திருக்கும். கீழே முட்டைகள் வெயிலில் கிடந்தன. பக்கத்துக் கடற்காகங்களே இறங்கி இரண்டைக் கொத்திக்கொண்டு போயின. பிள்ளைகள் கத்திவிட்டார்கள். ஆச்சி ஒன்றும் பேசாமல் கதிரையை மடித்தார். அன்று அதற்குமேல் அங்கு நிற்க அவர் சம்மதிக்கவில்லை. கனடாவின் 1994ஆம் ஆண்டு இடம்பெயர் பறவைகள் சட்டம் இப்படிப்பட்ட கூடுகளையும் முட்டைகளையும் பாதுகாக்கிறது. பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே கிட்டப் போய்விட்டீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். அதற்காகத்தான் நீண்ட லென்ஸ்.

பனிக்காலத்தில் ஆலா இல்லை. வடக்கிலிருந்து நீள்வால் வாத்துகள் வரும், அதிர்ஷ்டமிருந்தால் வெள்ளை ஆந்தையும். குளிரில் பற்றரி விரைவில் இறங்கும். மேலதிகப் பற்றரியை உட்சட்டைப் பைக்குள், உடற்சூட்டில் வையுங்கள். வீட்டுக்குள் வருமுன் கமராவைப் பிளாஸ்ரிக் பையில் போட்டு இறுகக் கட்டிவிடுங்கள். ஓரிரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் கண்ணாடியில் நீர் படியாது. அவசரப்பட்டுப் படம் பார்க்கத் திறக்கும் பிள்ளைகளைத் தடுப்பதுதான் கடினம்.

இரண்டாம் கோடையின் முடிவில் பேரனிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. ஒன்பதை வைத்துக்கொண்டு மிகுதியை அழித்தான். அதிலொன்றில் ஆலாவின் அலகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, தண்ணீர் இன்னும் கலங்கவில்லை. அதைப் பெரிதாக அச்சடித்து ஆச்சியின் யன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். வருபவர்களிடம் எல்லாம் தான் எடுத்த படம் என்றுதான் ஆச்சி சொல்கிறார். பேரன் மறுப்பதில்லை. வரும் மே மாதம் ஆலா வரும் கிழமையில் கமரா எந்த வீட்டு முறை என்பதில்தான் இப்போது மூன்று வீட்டுக்கும் வழக்கு.