ஒரே நிறத்தில் இருபது குவளைகள்

நம்மவர் வீட்டு விருந்தில் கால் வைத்ததும் காதில் விழும் முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். ஆண்கள் கூடி நிற்கும் பின்வாசல் பக்கம் போனால் அக்கேள்வி "என்ன, ஒண்ணும் எடுக்கலையா?" என்று மாறிவிடும். எடுக்காதவர் காரணம் சொல்லியாக வேண்டும். விரதம் என்றால் விட்டுவிடுவார்கள். மருத்துவர் வேண்டாம் என்றார் என்றால், "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். குடியையே விட்டுவிட்டேன் என்று சொல்பவர் பாடுதான் திண்டாட்டம். அவரை எப்படியாவது குடிக்க வைப்பது அங்குள்ளோருக்கு ஒரு விளையாட்டாகிவிடும்.

என் சித்தப்பா அப்படி விட்டவர். நான் படிவம் நான்கில் படித்தபோது நிறுத்தினார். குடியோடு விருந்துகளையும் சேர்த்தே நிறுத்திவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். திருமணம் என்றால் தாலி கட்டி முடிந்ததும் மொய் எழுதிவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தப்பித் தவறி உட்கார்ந்தாலும் யாராவது ஒரு பெரிய குவளை நிறைய ரோஸ் சிரப்பைக் கையில் திணிப்பார்கள். சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே சிவப்புத் தண்ணீர். ஐம்பது வயது மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும்.

அண்ணனின் பட்டமளிப்பையொட்டி மெர்போக்கில் எங்கள் வீட்டில் ஒரு சிறு விருந்து வைப்பதென்று முடிவானபோது, பானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஏறக்குறைய இருபது பேர். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் வருவதாகச் சொல்லியிருந்தது. ஆகவே மது கிடையாது. பானம் எல்லாருக்கும் பொது. ஆனால் ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். இதுதான் என் திட்டம்.

மேல்நாட்டாரின் காக்டேய்ல்களில் கிரேப்ஃபுரூட் பழத்துக்குத் தனி இடம் உண்டு. அதன் சாற்றோடு ஜின் அல்லது வோட்கா சேர்த்தால் 'கிரேஹவுண்ட்'. குவளையின் விளிம்பில் உப்பு தடவினால் அதுவே 'சால்ட்டி டாக்'. மெக்சிகோக்காரர்கள் டெக்கீலாவோடு கிரேப்ஃபுரூட் சோடா கலந்து 'பலோமா' என்பார்கள். இவற்றிலிருந்து மதுவை எடுத்துவிட்டுப் பாருங்கள். கசப்பு, புளிப்பு, உப்பு, சோடாவின் சுறுசுறுப்பு எல்லாம் அப்படியே மிஞ்சும். அந்தக் கசப்புதான் எனக்கு வேண்டியிருந்தது. கசப்புள்ள பானத்தை யாரும் சிறுபிள்ளைப் பானம் என்று சொல்ல மாட்டார்கள்.

கிரேப்ஃபுரூட் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் பகுதியின் பம்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து, 18ஆம் நூற்றாண்டில் கரீபியக் கடலின் பார்படோஸ் தீவில் உருவான கலப்பினம் அது. பம்ளிமாஸைத்தான் இங்கே லீமாவ் பாலி என்கிறோம். ஈப்போ பக்கம் போனால் தம்புனில் சாலையோரக் கடைகளில் வரிசையாகத் தொங்குமே, அதே பழம். டச்சுக்காரர்கள் அதைப் 'பொம்பெல்மூஸ்' என்பார்கள். நம் பம்ளிமாஸும் அதுவும் உறவுச் சொற்கள் என்பது உச்சரிக்கும்போதே தெரியும்.

சுங்கைப்பட்டாணிப் பேரங்காடியில் சிவப்புச் சதையுள்ள கிரேப்ஃபுரூட் எட்டு வாங்கினேன். எட்டுப் பழத்தில் ஒன்றேகால் லிட்டர் அளவுக்குச் சாறு கிடைக்கும். குவளைக்கு 60 மில்லிலிட்டர் என்றால் இருபது பேருக்குப் போதும். அழுத்திப் பிழியக்கூடாது, வெள்ளைத் தோலில் உள்ள நரிஞ்ஜின் என்ற பொருளும் இறங்கிக் கசப்பு மிகுந்துவிடும். 250 கிராம் சீனியை அதே அளவு தண்ணீரில் நான்கு துண்டு இஞ்சியோடு காய்ச்சி ஆறவைத்தால், குவளைக்கு 20 மில்லிலிட்டர் வீதம் பாகு தயார். சோடா குவளைக்கு 120. பனிக்கட்டி, சாறு, பாகு, கடைசியில் சோடா. இந்த வரிசை மாறக்கூடாது. சோடா ஊற்றிய பிறகு கரண்டியால் ஒரே ஒரு சுற்று. அதற்கு மேல் கலக்கினால் குமிழ் எல்லாம் போய்விடும்.

வெறும் சாற்றைச் சுவைத்த அம்மா முகத்தைச் சுளித்தார். "விருந்துக்கு இதையா கொடுப்பே?" ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடியும் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தார். உப்பு கசப்பை அடக்கிவிடும். பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறி வைக்கும் அம்மாவுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மேசையில் சிறு கிண்ணங்களை வைத்தோம். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்தது ஒன்று, விளிம்பில் தடவிக்கொள்ள. ஆசாம் போய் ஒன்று. பாதியாக வெட்டிய கஸ்தூரி எலுமிச்சை ஒன்று. உதிர்த்த பம்ளிமாஸ் முத்துகள் ஒன்று. குவளைகள் மட்டும் எல்லாம் புதியவை. மது ஊற்றிய பாத்திரமோ என்று பக்கத்து வீட்டார் தயங்க இடம் வைக்கக்கூடாது அல்லவா?

இங்கே ஒரு முக்கியமான செய்தி. நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப்பேர் இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தது. மதுவின் சுவையை மறைக்க அவர்கள் கிரேப்ஃபுரூட் சாற்றைக் கலந்தார்கள். பார்த்தால், மது சேராத சாற்றைக் குடித்தவர்களுக்கும் இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத வகையில் ஏறியிருந்தது. காரணம் சாறுதான். குடலில் சில மருந்துகளைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுகிறது. சிம்வாஸ்டட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. காலையில் மாத்திரை, மாலையில் சாறு என்று பிரித்துக் கொடுத்தாலும் பயனில்லை. விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். பம்ளிமாஸும் இதில் விலக்கல்ல. எல்லா மாத்திரைகளும் இப்படியல்ல என்பதால் மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆதலால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கென்று தர்பூசணிச் சாற்றில் தனியாக ஒரு கூஜா வைத்தேன். சிவப்புக் கிரேப்ஃபுரூட்டும் தர்பூசணியும் பார்வைக்கு ஒரே நிறம்தான். அடையாளத்துக்குத் தர்பூசணிக் குவளையில் ஒரு புதினா இலை. பம்ளிமாஸ் கிண்ணத்தை அந்தப் பக்கம் நகர்த்தவே இல்லை. கஸ்தூரி எலுமிச்சையையும் அங்கே வைக்காமல் ஆசாம் போயோடு நிறுத்திக்கொண்டேன். சீனி நோய் உள்ளவர்களுக்குப் பாகும் கிடையாது. தர்பூசணியும் பாதிக் குவளைதான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். எங்கள் வட்டாரத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன். தோட்டங்களில் கள்ளுக்கடைகள் நிர்வாகத்தின் ஏற்பாட்டில் நடந்த காலம் அது. பால் வெட்டிச் சம்பாதித்த கூலியில் ஒரு பங்கு அந்தக் கடைக்கே திரும்பிப் போனது. மெர்போக்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தில், 1946இல் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடைகளை மூடு என்பது அதன் முக்கியக் குரல். 1947இல் பீடோங் கள்ளுக்கடை மறியல் காவல் துறையோடு மோதலாகி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். குடியை எதிர்த்து உயிர் போன ஊரில், குடிக்காதவர் ஏன் குடிக்கவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

விருந்தன்று சித்தப்பா வழக்கம்போல வாசற்கதவருகே மோட்டார்ச் சாவியோடு நின்றார். நான் போய் அழைக்கவில்லை. அண்ணனின் நண்பர்கள் குவளை விளிம்பில் மிளகாய் உப்பைத் தடவி, காரம் தாங்காமல் கூச்சலிட்டுச் சிரித்ததைக் கேட்டுத் தானாகவே உள்ளே வந்தார். அவர் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. ஒரு குவளை வாங்கி, பாகு வேண்டாம் என்று சொல்லி, ஆசாம் போய் இரண்டை நசுக்கிப் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது, பேரு என்ன?"

"பேரு இன்னும் வைக்கலை, சித்தப்பா."

பின்வாசலில் இருந்த எல்லார் கையிலும் அதே நிறத்தில் ஒரு குவளை. யார் என்ன குடிக்கிறார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மாக்சிக் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார். சித்தப்பா தட்டுகள் கழுவி முடியும் வரை இருந்தார்.

விடுதியில் செய்து பார்க்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கிரேப்ஃபுரூட் இறக்குமதிப் பழம், மாணவர் பைக்குச் சற்றுக் கடினம். சாற்றில் பாதிக்குப் பம்ளிமாஸ் சேர்த்தால் செலவு குறையும். அது இனிப்பாக இருப்பதால் பாகையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சோடாவை முதல் நாளே வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்தத் தீபாவளிக்கு நாற்பது பேர் என்று கணக்கு. பழம் வாங்க இம்முறை சித்தப்பாவே போகிறாராம்.