தாமரையை எங்கே நின்று பார்ப்பது?

பரிபாடல் திரட்டு மதுரையைத் தாமரையாகக் காட்டுகிறது. ஊர் மலர், தெருக்கள் இதழ்கள், நடுவிலுள்ள பொகுட்டு கோயில். இதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். ஒருமுறை மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தத் தாமரையை எங்கே நின்று பார்க்கலாம்?" என்று கேட்டார். கரும்பலகையில் சதுரத்துக்குள் சதுரமாகச் சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளை வரைந்து சமாளித்தோம். உண்மையில் நம்மிடம் விடை இல்லை. மாசி வீதியில் நின்றால் விளம்பரப் பலகைக்கும் மின்கம்பிக்கும் இடையே கோபுரத்தின் ஒரு நிலை தெரிகிறது. அடுத்த முக்கில் இன்னொரு நிலை. இவ்வூரிலேயே வாழ்ந்தும் ஊரை முழுதாகக் கண்டதில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

பின்னர் மனோகர் தேவதாஸின் கோட்டோவியங்களை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். 1936-இல் மதுரையில் பிறந்தவர். 2007-இல் 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' என்ற நூலில் தம் ஊரை வரைந்து வைத்தவர். 2022 டிசம்பரில் மறைந்தார். விழித்திரையைச் சிறுகச் சிறுக அழிக்கும் நோய் அவருக்கு இருந்தது. அந்நோயில் ஓரப்பார்வை முதலில் போகும். எஞ்சுவது குழல் வழியே காண்பது போன்ற சிறுவட்டம். கோபுரத்தை ஒரே நோக்கில் காண இயலாத நிலையிலும், துண்டு துண்டாகக் கண்டதை மனத்தில் கூட்டி, மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகளால் முழுமையாக்கினார்.

நமக்குக் கண் முழுதாக இருக்கிறது. ஊர்தான் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அவற்றைக் கூட்டிப் பார்க்கும் உழைப்பை நாம் செய்யவில்லை.

அவ்வோவியங்களைக் கண்டு பழைய மதுரைக்காக ஏங்குவது எளிது. அந்த ஏக்கத்தை நாம் முழுதாக நம்புவதில்லை. பழைய மதுரையும் இடிபாட்டில் எழுந்ததே. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்று வீதிப் பெயர்களாக வாழ்கிறார்கள். மதிலை நேசித்த ஒருவர் அன்றும் அழுதிருக்கக்கூடும். ஊர் மாறுவது புதிதன்று. ஒருவரும் உற்றுப் பாராமலே அது மாறிவிடுவதுதான் இழப்பு.

மறு ஆண்டு, கட்டுரை எழுதுவதற்குப் பதிலாக, தாம் நாள்தோறும் கடக்கும் ஓர் இடத்தை வரைந்துவருமாறு மாணவர்களிடம் கூறினோம். ஒருவர் தெற்குக் கோபுரத்தை வரைந்திருந்தார். குறுக்கே ஏழு கம்பிகள், அலைபேசி விளம்பரம் ஒன்று, மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி. கம்பிகளை விட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தோம். ஏழு என்று அவர் எண்ணியிருந்தது நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டோம்.