நீச்சல் தெரியுமா?

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங்குக்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, காதில் கோளாறு உண்டா, நீச்சல் தெரியுமா? சீட்டுப் பணத்தில் போன நாங்கள் நான்கு பேரும் கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் எழுதினோம். ஒருத்தி மட்டும் முதலில் 'ஆம்' என்று எழுதிவிட்டு அடித்தாள். நீச்சல் தெரியாதவர்களும் இறங்கலாம், 12 மீட்டரைத் தாண்ட மாட்டோம் என்றார் பயிற்சியாளர். பக்கத்துப் படகில் சில தமிழ் இளைஞர்கள், சின்ன வயதில் பம்புசெட் கிணற்றில் குதித்த கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர்களிலும் கிணறு உண்டு. வெட்டியதும் கோடையில் தூர் வாரியதும் எங்கள் தாத்தாக்கள், அப்பாக்கள். குதிக்க மட்டும் எங்களுக்கு அனுமதியில்லை. மகத் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அள்ளியது 1927 மார்ச் 20. நாங்கள் பிறந்தது 1990களில். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், தோழர்களே.

முதல் 2 நிமிடம் பயம்தான். வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். இறங்க இறங்க மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொள்ள வேண்டும். 'சூப்பர்' என்று கட்டைவிரலைக் காட்டிய நண்பனைப் பயிற்சியாளர் மேலே கூட்டிப் போய்விட்டார். நீருக்கடியில் அந்தச் சைகைக்கு 'மேலே போகலாம்' என்று பொருளாம்!

பிறகு பவளப்பாறை வந்தது. பவளம் செடியல்ல, உயிருள்ள விலங்கு. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெயிலைக் கொண்டு அதற்குச் சோறு சமைக்கிறது. கடல் சூடேறினால் பாசி வெளியேறும், பவளம் வெளுத்துவிடும். 2010இல் அந்தமானில் அப்படி ஏராளமாக வெளுத்தது. நாங்கள் பார்த்த இடத்திலும் செத்த திட்டுகள் இருந்தன. அவற்றை ஒட்டியே கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம், 'கறுக் கறுக்' என்று காதில் விழுந்தது. தின்ற பவளத்தை அவை மணலாகக் கழிக்கின்றன. கரையில் நாங்கள் படம் எடுத்துக்கொண்ட வெள்ளை மணலில் அதுவும் சேர்த்தி! எங்கள் நிழல் பட்டதும் ராட்சதச் சிப்பி ஒன்று வாயை மூடிக்கொண்டது. நிழல் பட்டால் ஒதுங்குவது எங்களுக்குப் பழகிய விஷயம், ஆனாலும் இதற்குச் சிரித்துவிட்டோம். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது.

கடலுக்கடியில் சாதி இல்லை என்று இங்கே எழுதத் தோன்றும். எழுத மாட்டோம். அங்கேயும் பெரிய மீன் சின்ன மீனைத் தின்றுகொண்டுதான் இருந்தது.

சென்னை திரும்பிய வாரமே நீச்சல் வகுப்பில் சேர்ந்தோம். எங்கள் வரிசையில் மற்றவர்களுக்கெல்லாம் எட்டு வயது. இன்னும் மிதக்க வரவில்லை. அடித்து எழுதியவள் மட்டும் நேற்று அகலவாக்கில் ஒருமுறை கடந்துவிட்டாள்.